பெஞ்சு பார்த்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சலவைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் தையலக்கா கடைக்கு நடந்தேன். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகளை ஈரத்தோடு உருளைக்குள் தள்ளிக்கொண்டிருந்ததில் விரல் நுனிகள் சுருங்கிக் கிடந்தன. கடைக்கு மேலே இருக்கும் அறைதான் எங்கள் ரசிகர் குழுவின் அலுவலகம். ஐந்து நாற்காலி, ஒரு பழைய டிவி, மூலையில் சுருட்டி வைத்த பேனர் துணிகள். அவ்வளவுதான் சொத்து.

தேசிய அணிக்கு நிரந்தரப் பயிற்சியாளர் ஒருவரைப் போட வேண்டும். கால்பந்துச் சம்மேளனத்திடம் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் வெளிநாட்டுக்காரர். எங்களைப் போன்ற இரண்டு சின்ன நாடுகளின் அணிகளைத் தூக்கி நிறுத்தியவர். இன்னொருவர் ஏழு மாதமாகத் தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர். ரசிகர் குழுக்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் கருத்து எழுதித் திங்கள் காலைக்குள் கொடுக்கலாம் என்று சம்மேளனம் அறிவித்திருந்தது. எங்கள் குழு சின்னது. ஆனாலும் நாங்கள் எழுதுவதைப் பத்திரிகைக்காரர்கள் வாங்கிப் போடுவார்கள். காரணம், நாங்கள் பார்த்ததை மட்டும் எழுதுகிறவர்கள் என்ற பெயர்.

அந்த உள்ளூர்க்காரர் என் தங்கையின் கணவர்.

இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாணத்தில் குழுவின் மற்ற நான்கு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

நான் மாடிப்படி ஏறும்போதே பஸ் டிரைவரின் குரல் கேட்டது.

"வெளிநாட்டுக்காரன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? நம்ம பசங்க பேரை ஒழுங்காக் கூப்பிடவே அவனுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

"உன் பஸ்ஸு எந்த நாட்டுல செஞ்சது?" என்றாள் தையலக்கா. வாயில் குண்டூசி இருந்தது. பேனர் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "அதை மட்டும் ஓட்டிக்கிட்டுத்தானே இருக்க?"

"பஸ்ஸு வெளிநாடு, ஓட்டுறவன் உள்ளூரு. எந்த ரோட்டுல எங்க குழி இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்."

"தெரிஞ்சுதான் தினம் அதுல கொண்டு போய் விடுறியா?"

டிரைவரே சிரித்துவிட்டார். கணக்கு வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் டிரைவரின் கட்சி.

"நான் சொல்றதைக் கேளுங்க. மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும். அந்தக் கோச்சு பத்து நிமிஷம் விளக்கம் சொல்வாரு. இந்த ஆளு பசங்ககிட்ட 'நல்லா ஓடணுமாம்'னு முடிச்சிருவான். இதுக்கு எதுக்கு வெளியில இருந்து ஆளு?"

"சார், பதினாறு மேட்ச்சு." மருந்துக்கடையில் வேலை பார்க்கும் புள்ளி நோட்டைப் புரட்டினான். எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். நான் பாதியில் விட்ட காலேஜை அவன் முடித்தான். முடித்து மாத்திரை எண்ணுகிறான். "இவரு வந்து பதினாறு மேட்ச்சு. அஞ்சு ஜெயிப்பு. அதுல நாலு நம்மள விட மட்டமான டீமு. அந்த ஆளு தொட்ட ரெண்டு டீமும் ஒன்றரை வருஷத்துல மேல வந்திருக்கு. நம்பர்ல உறவு கிடையாது சார்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மெனக்கெட்டான்.

ஆக இரண்டுக்கு இரண்டு. மிச்சம் நான்.

எங்கள் குழுவுக்கு ஒரு முறை உண்டு. வேறெங்கும் நான் இதைக் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்களில் ஒருவர் பந்தைப் பார்க்கக் கூடாது. தொண்ணூறு நிமிடமும் நம் அணியின் பெஞ்சை மட்டும் பார்க்க வேண்டும். கோல் விழுந்தாலும் தலை திரும்பக் கூடாது. கோச் எப்போது எழுந்தார், யாரிடம் என்ன சைகை காட்டினார், மாற்று ஆட்டக்காரர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மனதில் வாங்கி, பிறகு குழுவில் சொல்ல வேண்டும். சொன்னதை வாத்தியார் நோட்டில் எழுதுவார். பந்தைப் பார்க்கிறவர்கள் லட்சம் பேர் இருக்கிறார்கள், பெஞ்சு பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்பது தையலக்காவின் வாதம். அவள் ஆரம்பித்த முறைதான் இது.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு என் முறை வந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "முறைன்னா முறை. உன் வீட்டு ஆளுன்னா நாங்க கண்ணை மூடிக்கணுமா?" என்றாள் தையலக்கா. பார்த்தேன். நம் அணி இரண்டுக்கு ஒன்று ஜெயித்ததாம். நான் ஒரு கோலைக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, நீ சொல்லு," என்றார் வாத்தியார் பேனாவைத் திறந்து.

இந்த நிமிடத்தை நினைத்துத்தான் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளையைக் காப்பாற்றிய மச்சான். சொன்னால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? சலவைக்கூடத்தில் உருளைச் சத்தத்துக்கு நடுவே இதையே புரட்டிப் புரட்டி, கடைசியில் நான் நேர்மையானவன் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

"மூணு தடவை ஆளை மாத்தினாரு. மூணு தடவையும், மாத்துறதுக்கு முன்னாடி, திரும்பி மேல பார்த்தாரு. சம்மேளனத்துப் பெரியவங்க உக்கார்ற கண்ணாடி இடம் இருக்கில்ல, அந்தப் பக்கம். பார்த்து, தலையை ஆட்டிட்டு, அப்புறம்தான் ஆளை எழுப்பினாரு."

தையலக்கா தைப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"மூணு தடவையுமா?" டிரைவர் கேட்டார்.

"மூணு தடவையும்."

"அடப்பாவி. அப்ப மேல இருந்துதான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்காங்க." அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "எனக்கு இனிமே பேச ஒண்ணுமில்ல."

வாத்தியாரும் கட்சி மாறினார். ஐந்து கைகளும் வெளிநாட்டுக்காரருக்கு. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முன் தற்காலிகப் பயிற்சியாளர் மூன்று முறையும் அதிகாரிகளின் இருக்கையைப் பார்த்தார் என்ற வரி கடிதத்தின் நடுவில் போனது. புள்ளி கீழே இறங்கும்போது என் தோளைத் தட்டினான். "பெரிய மனசுடா உனக்கு." அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மதியம் தங்கை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் என் கண்ணைப் பார்த்து, "இன்னும் தூங்கலையா நீ? பிசாசு மாதிரி இருக்க," என்றாள்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கருப்புக் கருவியைப் பிரித்துப் போட்டிருந்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவர். பக்கத்தில் ஒரு காதில் மாட்டும் வயர்.

"வாங்க மச்சான். இதப் பாருங்க. வியாழக்கிழமை எனக்கு உயிர் போச்சு. ஆட்டம் ஆரம்பிச்சு பத்தாவது நிமிஷம் இது செத்துப்போச்சு. மேல உக்காந்திருக்கிற உதவியாளர் பேசுறது ஒண்ணும் காதுல விழல."

"மேலயா? மேல எங்க?"

"கண்ணாடி ரூமுக்கு நேர் கீழ் வரிசை. மொத்த மைதானமும் அங்கிருந்துதான் தெரியும். யாரு காலு தளருதுன்னு அவருதான் பார்த்துச் சொல்லணும். அப்புறம் என்ன பண்றது? இடைவேளையில அவரைப் பார்த்து, விரலைக் காட்டச் சொன்னேன். எந்த நம்பர்க்காரன் வெளியேன்னு விரல்ல காட்டுவாரு. எனக்குச் சரின்னு பட்டா தலையாட்டுவேன். ரெண்டாவது கோல் அப்படி வந்ததுதான். நீங்கதான் அன்னைக்கு பெஞ்சு பார்த்தீங்களாமே, கவனிச்சிருப்பீங்களே?"

அவர் கண்ணில் குத்தல் எதுவும் இல்லை. ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெஞ்சைப் பார்த்தேன். பெஞ்சு எதைப் பார்த்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. தலை திரும்பக் கூடாது என்பது முறை. மீதியை நானாகவே நிரப்பிக்கொண்டேன். அதிகாரிகள் என்று நானே சேர்த்துவிட்டேன். என் வீட்டு ஆளைப் பற்றியே கெட்டதைச் சொல்லும் அளவுக்கு நான் நடுநிலையானவன் என்று காட்ட எனக்கு ஒரு கெட்டது தேவைப்பட்டிருக்கிறது.

"மாப்ள, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். முழுக்கச் சொன்னேன். தங்கை சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

மாப்பிள்ளை கருவியைக் கீழே வைத்தார். "அது பேப்பர்ல வந்தா, வேலை கிடைக்காதது ஒரு பக்கம். அதுக்கப்புறம் பசங்க எவனும் என் பேச்சைக் கேக்க மாட்டான். பொம்மைன்னு சொல்லிருவான்." சத்தம் போடவில்லை. "கடிதம் போயிருச்சா?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப இங்க எதுக்கு நிக்கிற?" என்றாள் தங்கை. சாப்பாடு போடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான்கு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது கோபம். அது வரவில்லை. வந்தது அதைவிட மோசம்.

"சரிப்பா," என்றார் டிரைவர் மெதுவாக. "தங்கச்சி வீட்டுல சாப்பிட்டியா?"

"சாப்பிடலை."

"சாப்பிடாமயே அந்தச் சாப்பாடு இவ்வளவு வேலை செஞ்சிருக்கு."

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "காலையில நீ சொன்னது கண்ணால பார்த்தது. இப்ப சொல்றது காதால கேட்டது. நம்ம நோட்டுல கேட்டதை எழுதுறதில்ல. உனக்குத் தெரியாததா?"

"அக்கா, காலையில சொன்னதுலயும் பாதி பார்க்காததுதான். அவரு திரும்பினதைப் பார்த்தேன். மேல பார்த்ததையும் பார்த்தேன். யாரைப் பார்த்தாருன்னு நான் பார்க்கலை. அந்த வார்த்தை நானாச் சேர்த்தது. அதை மட்டும் அடிங்க. விரல் கதையை எழுத வேண்டாம், நம்பவும் வேண்டாம்."

வாத்தியார் கடிதத்தை எடுத்துப் படித்தார். "அந்த வார்த்தையை அடிச்சா 'திரும்பி மேல பார்த்தார்'னு மட்டும் நிக்கும். அதுக்கு அர்த்தமே இல்லையே. வானம் பார்த்தாருன்னுகூட எடுத்துக்கலாம்."

"அப்ப வரியையே எடுத்துருங்க சார்."

"எடுத்தா நோட்டுல, பெஞ்சு பார்த்தவர் தான் சொன்னதை வாபஸ் வாங்கினார்னு உன் பேரோட எழுதணும். இதுவரைக்கும் அப்படி ஒண்ணு நம்ம நோட்டுல இல்ல."

"எழுதுங்க."

எழுதினார். அவர் எழுதும் வேகம் குறைவு. எல்லோரும் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வரி இல்லைன்னா நான் பழைய இடத்துக்கே வந்துருவேன்," என்றார் டிரைவர். "நானும்தான்," என்றார் வாத்தியார். புள்ளியும் தையலக்காவும் நகரவில்லை. மறுபடி இரண்டுக்கு இரண்டு. காலையில் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு சாட்சி இருந்தது. இப்போது கை மட்டும்தான்.

"நீ பேசாம ஒதுங்கிக்கடா," என்றான் புள்ளி. "ரெண்டு பக்கமும் சமம்னு எழுதிக் கொடுத்துரலாம். உனக்கும் மரியாதை."

நல்ல யோசனை. காலையில் என்றால் உடனே பிடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் மதியத்திலிருந்து எனக்குள் ஒரு விஷயம் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்ணூறு நிமிடமும் அந்த ஆளையே பார்த்தவன் நான். காதில் இருந்த கருவி செத்துப்போன ஒருவர் எப்படி இருந்திருக்க வேண்டும்? குதித்திருக்க வேண்டும், யாரையாவது திட்டியிருக்க வேண்டும். பெஞ்சில் இருந்த ஒருவருக்குக்கூட விஷயம் தெரிந்த மாதிரி இல்லை. எனக்கே தெரியவில்லை. அப்படி இருந்து ஒரு ஆட்டத்தை ஜெயித்திருக்கிறார்.

"நான் உள்ளூர்க்காரருக்குப் போடுறேன்," என்று கையைத் தூக்கினேன்.

புள்ளி தன் நோட்டை மூடினான். "மாப்பிள்ளை கட்சி."

"ஆமா."

"ஆமாவா? வெக்கமா இல்லையா?"

"இருக்கு. காரணமும் இருக்கு. காரணத்தைச் சொன்னா உறவுக்கு முட்டுக் கொடுக்குறேன்னு சொல்வீங்க. அதனால வெக்கத்தை மட்டும் எழுதிக்கங்க."

தையலக்கா முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "சார், மூணுக்கு ரெண்டுன்னு எழுதி, அடைப்புக்குள்ள ஒருத்தர் உறவினர்னு போடுங்க. நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சு எழுதுறதுக்கு முன்னாடி நாமே எழுதிரலாம்."

"என்ன உறவுன்னும் போடுங்க," என்றேன். போட்டார்.

வெள்ளிக்கிழமை சம்மேளனம் வெளிநாட்டுக்காரரை அறிவித்தது. மறுநாள் எங்கள் கடிதத்தை ஒரு பத்திரிகை சின்னதாகப் போட்டு, அடைப்புக்குறிக்குள் இருந்ததைத் தலைப்பாக்கியிருந்தது. மாப்பிள்ளை உதவிப் பயிற்சியாளராக அணியில் தொடர்வார் என்று கடைசி வரியில் இருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். நான் அப்போதுதான் படுத்திருந்தேன்.

"பேப்பர் பார்த்தேன். உன்னை இல்ல கேலி பண்ணியிருக்கான்?"

"ஆமா."

"அவரைப் பத்தி ஒண்ணும் தப்பா இல்லையே?"

"இல்ல."

"ரெண்டு தடவை படிச்சுட்டேன். இல்லதான்." பின்னால் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. "அவரு பிராக்டீஸுக்குக் கிளம்பிட்டாரு. புதுசா வந்தவருக்குப் பசங்களைப் பத்தி ஒவ்வொருத்தனாச் சொல்லணுமாம். ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினாரு. கோபம் இருக்கான்னு கேட்டேன். எழுதி முடிச்சுட்டுச் சொல்றேன்னாரு."

"என் மேலயா, அவங்க மேலயா?"

"அதைக் கேக்கலை நான்," என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து நீயே கேளு."