தரகர் சுற்றிப்போன தெரு

பாத்திரக்கடை அக்காவுக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். அவள் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியிருப்பதோ மூன்றாவது மாடி. மனுஷன் இப்போது கடைக்குப் பின்னால், அண்டா குண்டாவுக்கு நடுவே படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் “நானும் விற்பனைக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தரகரும் சளைக்காமல் வீடு காட்டினார். எல்லாவற்றுக்கும் வாசலிலேயே படி. அக்காவுக்கு உறுத்தியது வேறு ஒன்று. தையற்கடை முனை வந்ததும் வண்டி நேராகப் போகாமல் ஊரைச் சுற்றியது.

“ஏன் தம்பி, நேரா போனா என்ன?”

“ரோடு மோசம்க்கா.”

அடுத்த தடவை கேட்டபோது, குழாய்க்குத் தோண்டியிருந்தார்கள். அதற்கடுத்த தடவை, நாய்த்தொல்லை. ஒரே சரக்குக்கு ஆளுக்கொரு விலை சொன்னாலே அக்காவுக்கு மூக்கு வியர்க்கும். ஒரே ஆள் மூன்று சொன்னால்?

“வண்டியை நிறுத்து. அந்த நாயைப் பார்த்துட்டு வரேன்.”

ரோடு இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. நாயும் இல்லை, குழியும் இல்லை. நடுத்தெருவில் ஒரு கேட்டில் பலகை: ‘தரைத்தளம் விற்பனைக்கு.’ கீழே வேறொரு தரகரின் நம்பர்.

“இதை ஏன்பா காட்டலை?”

பின்னாலேயே ஓடிவந்த தரகர் பலகையிலிருந்த நம்பரைக் காட்டினார். “இவர் புதுசுக்கா. வாங்கறவங்ககிட்ட பாதிக் கமிஷன்தான் கேக்கறார். இவர் விக்கற வீட்டை யாரும் காட்டக் கூடாதுன்னு எங்க சங்கத்துல முடிவு. மீறினா என்னையும் ஒதுக்கிடுவாங்க.”

“அடப்பாவிகளா! அவர் ரேட்டைக் குறைச்சதுக்கு என் வீட்டுக்காரர் அண்டாவோட படுக்கணுமா? எங்க பஜார்லயும்தான் எதிர்க்கடைக்காரன் விலையைக் குறைப்பான். வாய் வலிக்கத் திட்டுவோம். அதுக்காகத் தெருவையேவா ஒளிச்சு வைப்போம்?”

“சட்டப்படியும் தப்புதான். இப்படிக் கூட்டுச் சேர்ந்து ஒதுக்கறதை விசாரிக்கற போட்டி ஆணையத்துல அவர் புகார் கொடுத்திருக்கார்.”

“அது சரி, நாய், குழியெல்லாம் யார் யோசனை?”

“சுத்திப் போகணும்னு மட்டும்தான்க்கா முடிவு பண்ணோம். யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு பேசி வெச்சுக்கலை.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

தரகர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “நானே முடிச்சுத் தரேன்க்கா. அவர் கேக்கற கமிஷனே போதும்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கணும், தம்பி.”

மறுமுனையில் ஆள் எடுத்துவிட்டார். அக்கா விலை கேட்கவில்லை, கமிஷன் கேட்கவில்லை. “உள்ளே எங்கேயாவது படி இருக்கா?” என்றாள்.

“ஒண்ணுகூட இல்லைங்க. சாவியோட வரேன், நீங்களே பாருங்க.”