இரண்டடி ஏழங்குல வெள்ளம்

பரீட்சை நடந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: பாவாயி, அவள் புருஷன் வையாபுரி, சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு நல்லக்காள், கோயம்புத்தூரிலிருந்து வந்த தேர்வாளர் எஸ்தர், அப்புறம் வெள்ளம். மொத்தம் ஐந்து. வெள்ளத்தையும் சேர்த்து எண்ணலாமா என்று நல்லக்காள் கேட்டாள். அது பதினான்கு நாளாக வீட்டோடு இருக்கிறது, வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வாசற்படி தாண்டவில்லை, சேர்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகும் என்றாள் பாவாயி.

வெள்ளத்தின் உயரம் இரண்டடி ஏழங்குலம். அது இரவல் வெள்ளம்.

நாமக்கல்லில் இன்சூரன்ஸ் சர்வேயர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பரமத்தி ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கும் சேத நூலகத்தில்தான் சேதம் இரவல் வாங்குவார்கள். விரிசல், நசுங்கல், தீக்கருக்கல், துரு எல்லாம் அங்கே தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும். பதினான்கு நாள் தவணை. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தி, பார்த்துப் பார்த்துப் படிக்க வேண்டும். கடைசி நாள் தேர்வாளர் வருவார். சேதம் எத்தனை என்று சரியான எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் அது தானாகவே கழன்று நூலகத்துக்குப் போய்விடும். தப்பாக எழுதினால், முதல் இரண்டு தடவை நூலகத்து ஆள் வந்து உரித்து எடுத்துக்கொண்டு போவார். மூன்றாவது தடவை வரமாட்டார். சேதம் எழுதினவர் வீட்டிலேயே தங்கிவிடும். நான்காவது பரீட்சையும் கிடையாது. சேலம் ரோட்டில் ஒரு குடும்பம் ஒன்பது வருஷமாகக் கூடத்தில் விழுந்து கிடக்கும் தென்னை மரத்தோடு இருக்கிறது. மரத்தில் துணி காயப்போடுகிறார்கள்.

பாவாயிக்கு இது மூன்றாவது தடவை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. முட்டைக் குடோனில் இருபத்திரண்டு வருஷம் தட்டு அடுக்கியவள். ஒரு தடவை முட்டை லாரி ஒன்று பள்ளத்தில் சாய்ந்தபோது சேதம் பார்க்க வந்த சர்வேயர், லாரியை விட்டு ஆறடி தள்ளி நின்றபடியே ஒரு தொகையை எழுதிக்கொண்டு போனார். அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.

எண்ணுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் தடவை பஸ் கண்ணாடி விரிசல் ஒன்றைக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படித்தாள். அந்த விரிசலுக்கு முப்பத்தொரு கிளை. அப்படியே எழுதினாள். வந்த தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, “உறுதியா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாவாயி முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதிவிட்டாள். இரண்டாவது தடவை தீக்கருக்கல். நாற்பத்தேழு என்று எழுதினாள். “உறுதியா?” என்றார்கள். நாற்பத்தெட்டு ஆக்கினாள். பெரிய மனிதர்கள் கேட்கும்போது நம் கணக்கில்தான் பிசகு இருக்கும் என்பது அவள் எண்ணம்.

மூன்றாவது தடவைக்குப் பெரிய சேதம்தான் தருவார்கள். தட்டில் ஒரு புயலும் ஒரு திருட்டும் ஒரு வெள்ளமும் இருந்தன.

“புயலை எண்ணறது சுலபம்மா, ஆனா கூரை ஓட்டைப் பிரிச்சுப்போடும். பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க,” என்றார் நூலகர் குழந்தைவேல்.

“திருட்டுங்க?”

“அது கொண்டுபோனதும் தெரியாது, திருப்பிக் கொண்டாந்ததும் தெரியாது. எனக்கே அது உள்ள இருக்குதான்னு சந்தேகம்.”

வெள்ளம் சொன்ன இடத்தில் நிற்கும் என்றார். பாவாயி அதை ஊறுகாய் ஜாடியில் வாங்கி, வாயைத் துணியால் கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அரை டிக்கெட் போட்டார். ரசீதில் “வெள்ளம், ஒன்று, நன்னீர், கலங்கல், 2 அடி 7 அங்குலம்” என்று இருந்தது. பாவாயி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் திறந்ததும் அது மூன்று அறையிலும் சமமாக ஏறி நின்றுகொண்டது. வையாபுரி முன்னாடியே கட்டிலுக்கு நான்கு பக்கமும் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார். அவர் லாரி பாடிக்குப் பெயர் எழுதும் பெயிண்டர். முழங்கால் வலி வந்த பிறகு வேலைக்குப் போவதில்லை. கட்டில்மேல் கால்மடக்கி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பது அவர் பொறுப்பு.

“நனைஞ்ச பாத்திரத்தைக் கழுவித் தொடைச்சா சரியாயிருமே, அது சேதமா, இல்லையா?”

“இந்தப் பரீட்சைல நனைஞ்சதெல்லாம் சேதமுங்க. கழுவறது அடுத்த பாடம்.”

“அப்ப நானும் கணக்குல உண்டா?”

“நனைஞ்சா உண்டு. பேசாம காலைத் தூக்கி வெச்சுக்குங்க. கீழ எதையும் போட்டுறாதீங்க, தொகை மாறிப்போகும்.”

சேதமான ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டு எழுத வேண்டும் என்பது வழிகாட்டியில் சொன்ன முறை. பாவாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கலங்கல் தண்ணீரில் கைவிட்டுத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முதல் நாள் நூற்று நாற்பத்து மூன்று வந்தது. இரண்டாம் நாள் நூற்று ஐம்பத்தொன்று. மூன்றாம் நாள் நூற்று முப்பத்தொன்பது. வெள்ளம் பொருள்களை மெல்ல மெல்ல இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. சமையலறையில் எண்ணிய கரண்டி கூடத்தில் இன்னொரு தடவை கைக்கு வந்தது. இதில் வெள்ளத்தைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளம் அப்படித்தான் இருக்கும்.

ஆறாம் நாள் மத்தியானம் அவள் கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, காலைத் துடைக்காமல் இருந்தாள். வையாபுரி புத்தகத்தை மூடினார்.

“என்ன பாவாயி?”

“இது நம்ம ஊட்டோடவே தங்கிருமுங்க.”

“தங்குனா தங்கட்டும். ஒரு படகு பண்ணி, பின்னாடி ‘ஒலி எழுப்பவும்’னு நானே எழுதிப்போடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய முழங்காலைப் பார்த்தாள். ஆறு நாள் ஈரக்காற்றில் அது வீங்கியிருந்தது. அவரும் அவள் பார்ப்பதைப் பார்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

“குடோன்ல ஒடைஞ்ச முட்டைய எப்படி எண்ணுவ?” என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

“ஒடைஞ்சதை எங்கீங்க எண்ண முடியும்? ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கும். தட்டுக்கு முப்பது. முழுசா நிக்கறதை எண்ணி, முப்பதுல கழிச்சா...”

நிறுத்தினாள். பிறகு காலைத் துடைத்தாள்.

ஒரே ஒரு தடங்கல்தான் இருந்தது. தட்டுக்கு முப்பது என்று தெரியும், வீட்டுக்கு எத்தனை என்று தெரியாது. யார் வீட்டிலும் தெரியாது. அடுத்த இரண்டு பகலும் புருஷனும் பெண்டாட்டியும் கட்டில்மேல் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளையும் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். போனதை அடித்தார்கள். நல்லக்காள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒத்தாசை செய்தாள்.

“மாவுச் சல்லடை ரெண்டு,” என்றாள் பாவாயி.

“ஒண்ணுதான் புள்ள.”

“ரெண்டுங்கக்கா. ஒண்ணு போன ஆடி நோம்பிக்கு நீங்க வாங்கிட்டுப் போனீங்க.”

நல்லக்காள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அது என்ற ஊட்ல காய்ஞ்சுதான் கெடக்குது. நனையல,” என்றாள். பாவாயி அதைக் காய்ந்த பொருள் பக்கம் எழுதிக்கொண்டாள்.

உப்பு ஜாடிக்கு வந்தபோது தகராறு ஆகிவிட்டது. ஜாடி ஒன்று என்று எழுதினால் போதும் என்றார் வையாபுரி. ஜாடி தனி, உப்பு தனி என்றாள் பாவாயி.

“அப்ப ஒவ்வொரு கல்லையும் எண்ணப்போறயா?”

“உப்பு ஒண்ணு. ஜாடி ஒண்ணு. நீங்களும் உங்க சட்டையும் ஒண்ணாங்க?”

அவர் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, தனித்தனியாகவே எழுதினார்.

மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டு. தண்ணீருக்கு மேலே பரணிலும் ஆணியிலும் கட்டிலிலும் நல்லக்காள் வீட்டிலும் காய்ந்து நின்றவை நூற்றுப் பதினொன்று. கழித்தால் நூற்று ஐம்பத்தேழு. மீதி ஆறு நாளும் காய்ந்ததையே எண்ணினாள். ஆறு நாளும் நூற்றுப் பதினொன்றே வந்தது.

எஸ்தர் வியாழக்கிழமை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும், அளவாகப் பேசுகிறவள். பாவாயியின் தாளை வாங்கிப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, வழிகாட்டி முறைப்படி தொட்டு எண்ணத் தொடங்கினாள். அவளுடைய கைக்குப் பழக்கம் இருந்தது. எண்ணிய பொருளில் சின்னக் கிளிப் ஒன்றை மாட்டி, தன் பட்டியலில் எழுதிவிட்டே நகர்ந்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெள்ளமும் அவளுக்கு வழிவிட்டது.

நூற்று ஐம்பத்தாறு கிளிப் செலவாகியிருந்தது.

எஸ்தர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “நூத்தி அம்பத்தேழுன்னு எழுதியிருக்கீங்கம்மா.”

“ஆமாங்க.”

“ஒண்ணு கூட இருக்கு. குறைச்சு எழுதறதைவிடக் கூட்டி எழுதறது பெரிய தப்பு, தெரியுமில்ல? உறுதியா?”

பாவாயியின் கை பேனாவுக்குப் போனது. நல்லக்காள், “அட, ஒண்ணுதானே புள்ள, மேடம் சொல்றப்படி மாத்திப்போடு,” என்றாள்.

வையாபுரி போர்வைக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாயி பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஆறு நாள், ஆறு தடவை, நூற்றுப் பதினொன்று. பேனாவை மூடினாள்.

“உறுதிங்க.”

“எந்தப் பொருள்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா நூத்தி அம்பத்தேழுதான்.”

“பாவாயி அம்மா, மூணாவது தடவை. இன்னொரு முறை கேக்கறேன். உறுதியா?”

“உறுதிங்க,” என்றாள். சொல் மாறவில்லை. பிறகு, பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். “நீங்க இருக்கறதைத் தொட்டீங்க. இல்லாமப் போனதைத் தொட முடியாதில்லீங்களா?”

எஸ்தர் பூட்ஸோடு கட்டில் பக்கம் வந்தாள். பிறகு தன் பட்டியலையும் பாவாயியின் பட்டியலையும் கட்டில்மேல் பக்கம் பக்கமாக வைக்கச் சொன்னாள். பாவாயி ஒவ்வொன்றாகப் படித்தாள். எஸ்தர் ஒவ்வொன்றாக அடித்தாள். பாய் ஐந்து, அடித்தாள். அரிவாள்மனை ஒன்று, அடித்தாள். உப்பு ஜாடி ஒன்று, அடித்தாள்.

“உப்பு, ஒண்ணு,” என்று படித்தாள் பாவாயி.

எஸ்தரின் பேனா நின்றது. அவள் சமையலறைக்குப் போய் ஜாடியை எடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர்தான் வந்தது. ரசீதைக் கேட்டு வாங்கினாள். “நன்னீர்” என்பதை இரண்டு தடவை படித்தாள். பிறகு குனிந்து, சுண்டு விரலை வெள்ளத்தில் தோய்த்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கரிக்குது,” என்றாள்.

தாளின் கீழே “157. சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மை காய்ந்ததும் வெள்ளம் சுவரை விட்டுக் கழன்றது. மூன்று அறையிலிருந்தும் கூடத்துக்கு வந்து சேர்ந்து, பதினான்கு நாளில் முதல் தடவையாக வாசற்படி தாண்டி, ஓரமாகவே நடந்து பரமத்தி ரோட்டுப் பக்கம் போயிற்று. வையாபுரி கட்டிலிலிருந்து ஒரு காலை இறக்கித் தரையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு காலையும் வைத்தார். நல்லக்காள் விசிறியை எடுத்து அவர் முழங்காலுக்கு வீசினாள்.

லைசென்ஸ் அட்டையில் பெயரை யார் எழுதுவது என்று எஸ்தர் கேட்டாள். லாரியில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தாக, சிவப்புக்கு மஞ்சள் ஓரம் கொடுத்து, வையாபுரியே எழுதினார்.

ஒன்றேகால் மணிக்குத் தரை காய்ந்தபோதுதான் அலைகள் மட்டும் தங்கிவிட்டது தெரிந்தது. உப்பு சேர்ந்தால் அலை உண்டாவது வழக்கம்தான். ரசீதில் அலை என்று எழுதியிருக்கவில்லை. அதனால் நூலகம் அவற்றைத் திருப்பி வாங்காது, அவை வீட்டுக்கே சேர வேண்டியவை என்று எஸ்தர் விதியைப் பார்த்துச் சொன்னாள். பாவாயி பீரோ அடியிலும் கதவு மூலையிலும் தேடி எண்ணினாள். பத்தொன்பது. எல்லாம் முழங்கால் உயரம், சுத்தமானவை.

“கால் வலிக்கு நல்லதும்பாங்க. எனக்கு ரெண்டு குடு புள்ள,” என்று நல்லக்காள் இரண்டை முந்தானையில் கட்டிக்கொண்டாள். எஸ்தர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினபோது ஒன்று அவள் பூட்ஸின் பின்னாலேயே போய், கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டது.

மீதி பதினாறு.