மாடு தாண்டாத மஞ்சள் கோடு

பார்சல் பிரிக்கும் கிடங்கில் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு நான்தான் ராணி. மாட்டுவது, இழுத்துக் கட்டுவது, தேய்ந்தால் கழற்றுவது எல்லாம் என் வேலை. கழற்றியதைக் குப்பை மேட்டுக்கு அனுப்பும்போதுதான் வயிறு எரியும். அதனால் மேலாளர் ஒருநாள் கூட்டத்தில் "ஓப்பன் லூப்" என்று ஆரம்பித்தபோது நான் மட்டும் தூங்கவில்லை. நாம் பயன்படுத்தி முடித்த பொருள் நம்மிடமே திரும்ப வேண்டாம், சம்பந்தமில்லாத வேறொரு தொழிலுக்குச் சரக்காகப் போகட்டும் என்றார்.

"எங்க அக்காவோட மாட்டுக் கொட்டகைக்குப் போகட்டும் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அக்காவின் பசு போன வருஷம் ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்து, வயிற்றிலிருந்த கன்றை இழந்தது. இப்போது மறுபடி சினை, நாளும் நெருங்கிவிட்டது. கொட்டகைக்குள் அது பயத்தில் படுக்கவே மாட்டேன் என்கிறது. அக்காவுக்கும் தூக்கம் போய்விட்டது.

மூன்று பெல்ட் சுருள்களை லாரியில் ஏற்றிப் போனேன். அக்கா, அத்தான், நான் மூவரும் மூச்சு வாங்க, கொட்டகைத் தரையில் விரித்து போல்ட் அடித்தோம். கருப்புப் பெல்ட்டில் முழத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. பார்சல் வைக்கும் இடம் தெரிய நானே அடித்த பெயிண்ட். பார்க்க அம்சமாக இருந்தது.

பசு வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கும், குனிந்து பார்க்கும், பின்வாங்கும்.

"வாடி தங்கம், வா" என்று கெஞ்சினார் அத்தான்.

"உன் கிடங்குச் சாமான் என் மாட்டுக்குப் பிடிக்கலடி" என்றாள் அக்கா.

"நல்ல பொருளோட அருமை தெரியாத மாட்டுக்கு நான் என்ன பண்றது?" என்றேன். வாய்தான் பேசியது, உள்ளே கலங்கிப்போயிருந்தேன்.

திடீரென்று பசு உடம்பை ஒடுக்கித் தாவப் பார்த்தது. அந்த வயிற்றோடு! அக்கா அலறிக்கொண்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அத்தான் குந்தி உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டு வாசல்ல பள்ளம் வெட்டி, மேல பைப்பை இடைவெளி விட்டு வரிசையா எதுக்குப் போட்டிருக்கேன்?"

"மாடு வெளிய போகாம இருக்க."

"பைப்பு சந்துல கால் மாட்டிக்கும்னு அது தாண்டாது. உன் மஞ்சள் கோட்டையும் பைப்புன்னு நினைக்குதும்மா!"

அதாவது, கொட்டகை முழுக்க வேலி போட்டுவிட்டு மாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லா போல்ட்டையும் கழற்றிப் புரட்டிப் போட்டோம். அடிப்பக்கத்தில் கோடு இல்லை, நல்ல சொரசொரப்பு வேறு. பசு மோந்து பார்த்தது. ஒரு அடி வைத்தது, இன்னொன்று. நடுவில் போய் மெல்ல முன்னங்கால் மடக்கிப் படுத்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டது. அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவளுக்கு சந்தோஷம் வந்தால் என் முதுகுக்குத்தான் கேடு.

நான்காம் நாள் காலை, வேலை நடுவில் அத்தானிடமிருந்து வீடியோ வந்தது. ஈரம் காயாத கன்று எழுந்திருக்கப் பார்க்கிறது. நாலு காலும் நாலு பக்கம் போகின்றன. "எந்திரி தங்கம்" என்று அக்கா கெஞ்சுவது கேட்டது. கன்று ஆடியது, குளம்பை ஊன்றியது, நின்றது.

ஓடும் பெல்ட்டை நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சிரித்துக்கொண்டே அழுதேன்.