வாசல் கல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே சுவிஸ் ஊஸ்டர் நகர மண்டபத்து மேடையில் அயர்லாந்து எழுந்துவிட்டது. ரெஜிபோம் நுரைப்பலகையை வெட்டிச் சாம்பல் நிறம் பூசிய அயர்லாந்து.

விதுஷன் மேடை அலங்காரம் செய்பவன். சூரிச்சில் வடிவமைப்புப் படித்தவன். படித்த வேலைக்கு யாரும் அழைக்கவில்லை. பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடுகள் அழைத்தன. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தாஜ்மகால் கட்டினான். அதுவும் கல்லறைதான். யாரும் யோசிக்கவில்லை.

இந்த முறை, மகள் யாதவியின் சாமத்திய வீட்டுக்காக அவளையும் கூட்டிக்கொண்டு வந்த கஜலக்சுமி போனை நீட்டியிருந்தாள். விடுமுறையில் அயர்லாந்தில் எடுத்த படம். புல் மூடிய பெரிய மேடு, அதன் வாசலுக்குக் குறுக்கே ஒரு நீளக் கல், கல் முழுக்கச் சுருள் சுருளாகச் செதுக்கல்.

"எல்லாரும் மயிலும் அன்னமும்தான், தம்பி. இதை ஒருத்தரும் போடேல்லை. பிள்ளை இந்தக் கதவாலை வரவேணும். புகை அடிக்கவேணும்."

"உள்ளை போய்ப் பாத்தனீங்களோ, அக்கா?"

"குனிஞ்சு போகவேணுமாம். எனக்கு முழங்கால் நோ. இவள்தான் போனவள்."

விதுஷனுக்குத் தெரியும். நியூகிரேஞ்ச். ஐயாயிரம் ஆண்டுப் பழைய புதைமேடு. உள்ளே எலும்பும் சாம்பலும் வைத்தார்கள். முதலாம் ஆண்டில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான்.

சொல்லவில்லை. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் அடுப்படிக்குள் காலடி வைக்காத சனம், நல்ல காரியத்துக்குப் பிணவாசல் கேட்கிறது. கொடுப்போம்.

"சுப்பர் அக்கா" என்றான்.

சுருள்களை மட்டும் பிழையில்லாமல் வெட்டினான்.

விழா தொடங்கும் நேரம், மேடைக்குப் பின்னால் யாதவி அவனைப் பிடித்தாள். பதின்மூன்று வயது. தலையிலிருந்து இடுப்புவரை நகை.

"அண்ணை, இது செத்த ஆக்களை வைக்கிற இடம். கைடு சொன்னவர். நான் இதுக்காலை வரமாட்டன்."

"அம்மாட்டைச் சொல்லுமன்."

"சொன்னனான். மேடை ஏற விருப்பமில்லாமல் பொய் சொல்லுறனாம். நீங்கள் சொன்னா நம்புவா. அந்தப் பக்கத்துப் படியாலை விட்டாலே எனக்குக் காணும்."

படி இருந்தது. பத்தடி தள்ளி.

"வீடியோக்காரர் கதவுக்கு நேரை நிக்கினம். சும்மா ரெஜிபோம்தானே. நட."

இவளும் இன்னும் இருபது வருடத்தில் இதே மண்டபத்தில் போனை நீட்டுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்பீக்கரில் நாதஸ்வரம். புகை. கதவு திறந்தது. யாதவி வாசலில் நின்றாள். கல்லைத் தாண்டவில்லை. கீழே ஆரத்தித் தட்டோடு கஜலக்சுமி.

"வாவன் பிள்ளை. சனம் பாக்குது."

யாதவி அசையவில்லை. யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள்.

"இதுக்குள்ளை ஆரை வைச்சவை எண்டு அண்ணையைக் கேளுங்கோ. அவருக்குத் தெரியும்."

முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி மடியிலிருந்த பலகாரத் தட்டை நிலத்தில் வைத்தாள். விதுஷனின் கை புகை இயந்திரத்தின் சுவிட்சிலேயே இருந்தது.

கஜலக்சுமி தட்டைத் தாழ்த்தாமல் அவனைப் பார்த்தாள்.

"தம்பி, இது கோயில்தானே?"