குழலுக்குள் எட்டுக் கோடு

மூன்றாவது குண்டான் வெந்நீருக்குத்தான் துப்பாக்கி வழிக்கு வந்தது. பின்பக்கத்து ஊசித்துளை வழியே மையாக வடிந்துகொண்டிருந்த தண்ணீர் டீ நிறமாகி, பிறகு தெளிந்தது. கொல்லைக் குழாயடியில் குத்துக்காலிட்டிருந்த இஃப்பத், செல்போன் விளக்கைக் குழலின் வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிய வாய். உள்ளே கோடு கோடாகப் பள்ளங்கள் தெரிந்தன.

எண்ணினாள். எட்டு.

மறுபடி எண்ணினாள். எட்டேதான்.

மருந்தையும் குண்டையும் வாய் வழியாகவே போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி அது. சிறுமலைத் தோட்டத்தில் பன்றி விரட்டுவதற்கென்று மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பத்தில் இருந்தது. குண்டு போட்டு யாரும் சுட்டதில்லை. வெறும் மருந்தை வெடித்தாலே பன்றி ஓடிவிடும். லைசென்ஸில் 'உள்ளே மரை இல்லாத குழல்' என்று எழுதியிருந்தது. மரை, அதாவது இப்படி வெட்டிய பள்ளம், இருந்தால் அதன் பெயர் ரைஃபிள். அதற்கு லைசென்ஸே வேறு. அந்த லைசென்ஸ் இல்லாமல் ரைஃபிளை வைத்திருந்தால் கேஸ்.

கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட்டை நிறுத்தி வைப்பார்கள். அவள் அத்தா ஜமால் முகமதுவுக்கு, நான்கு வருடம் எழுதிப்போட்டு, இந்த வருடம்தான் ஹஜ் குலுக்கலில் பெயர் விழுந்திருந்தது.

இத்தனை வருடக் கரி அந்தப் பள்ளங்களை அடைத்து மூடியிருந்தது. அதைக் கழுவி எடுத்தது இவள் கை.

"என்னத்தா, முடிஞ்சுச்சா? பத்தரைக்குப் போலீஸ் ஆயுதக் கெடங்குல கொண்டுபோயிக் காட்டணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தகப்பனைக் கூப்பிடும் சொல்லாலேயே மகளையும் 'அத்தா' என்று கூப்பிடுவது அவர் வழக்கம். "போன தடவ துரு புடிச்சிருக்குன்னு, துப்பாக்கி சோதிக்கிற அந்த ஆர்மரர் என்னைய என்னா பேச்சு பேசுனாரு! பிசிக்ஸ் படிச்ச புள்ள கழுவுனதுன்னு இன்னைக்கிச் சொல்றேன்."

"இந்தா முடிஞ்சுச்சு அத்தா."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே அப்படித்தான்.

யோசித்தாள். மரை என்றால் திருகாணியைப் போலச் சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். குண்டைச் சுழற்றி அனுப்புவதுதான் அதன் வேலை. கோடுகள் நேராக இறங்கினால் குண்டு சுழலாது. கரி தேங்கிக்கொள்ளவென்றே சில துப்பாக்கிகளில் நேர்ப்பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் விளக்கு வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் எட்டவில்லை. பெரிய வாய்த் துப்பாக்கிகளில் மரை மிக மெதுவாகத் திரும்பும். முழுக் குழலுக்கும் கால் சுற்றுதான் வரும் என்றால், ஒரு முழத்தில் கண்ணுக்கு என்ன தெரியும்?

துடைக்கும் கம்பியின் முனையில் பழைய துணியைச் சுற்றினாள். கம்பியின் தலையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி குழல் நுனியிலிருந்த குறிமுள்ளைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு அடிவரை அழுத்தினாள். புள்ளி அப்படியே இருந்தது. நேர்க்கோடுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டாள்.

கிடங்குக்குப் போகும் ஆட்டோ பேகம்பூரைத் தாண்டியபோதுதான் மண்டையில் அடித்தாற்போல உறைத்தது. கம்பியை அவள் முஷ்டியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தால் எப்படிச் சுற்றும்? துணியும் பள்ளத்தில் பதியாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். லேப் பரீட்சையில் இப்படிச் செய்திருந்தால் முட்டை மார்க்.

மடியில் உறையோடு கிடந்த துப்பாக்கி திடீரென்று கனத்தது. பக்கத்தில் அத்தா டிரைவரிடம் மக்காவின் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

ஆயுதக் கிடங்கில் ஆர்மரர் பிராங்க்ளின் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நம்பரைச் சரிபார்த்தார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் தோட்டக்காரர்கள்.

"பரவாயில்லயே பாய். இம்புட்டு சுத்தமா இங்க எவனும் கொண்டாந்ததில்ல."

"மக கழுவுனது சார். பி.எஸ்சி. பிசிக்ஸ்."

"அப்படியா? பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு, துப்பாக்கி மினுக்குறத பாத்தா." வரிசை சிரித்தது. பிராங்க்ளின் அந்த மினுக்கத்தைப் பார்ப்பதற்கென்றே பெரிய டார்ச்சை எடுத்துக் குழலுக்குள் அடித்தார். சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது. திரும்பவும் குனிந்தார்.

"என்ன பாய் இது, உள்ள மரை ஓடுது?"

"மரையா? எங்க சார்?"

"லைசென்ஸ்ல இல்லேன்னு இருக்கு. இது ரைஃபிளால்ல இருக்கு! நான் இன்ஸ்பெக்டருக்கு எழுதியாகணும் பாய். ஒண்ணும் செய்ய முடியாது."

அத்தா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்கு முன்னமே தெரியும் என்று.  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார்" என்றாள் இஃப்பத். யாருக்கும் கேட்கவில்லை. "சார், சுத்துனாத்தான் சார் மரை."

"என்னம்மா?"

"கோடு இருந்தா மட்டும் பத்தாது. அது சுத்திக்கிட்டு எறங்கணும். கம்பியில இறுக்கமா ஒண்ண மாட்டி உள்ள தள்ளுனா தெரிஞ்சுரும். கோடு சுத்துனா கம்பியும் சுத்தும்."

வரிசையில் ஒருவர், "புள்ள வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.

பிராங்க்ளின் யோசித்தார். "மாட்டுறதுக்கு என்ன இருக்கு?"

அத்தா சட்டைப்பையில் கைவிட்டார். ஊரில் அவருக்குத் தோல் கடை; பையில் வேறென்ன இருக்கும்? செம்பட்டி வியாபாரிக்குக் காட்டவென்று வைத்திருந்த ஆட்டுத்தோல் மாதிரித் துண்டு. மேசைக் கத்தரியால் அதை வட்டமாக, குழலின் வாயைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டினார். மகளிடம் நீட்டினார். துப்பாக்கியோடு கொண்டுவந்திருந்த துடைக்கும் கம்பியின் முனைத் திருகாணியில் அவள் அதை முடுக்கினாள். கம்பியின் தலையில் காலையைப் போலவே ஒரு புள்ளி வைத்தாள்.

கம்பியைக் குழலின் வாயில் வைத்ததும் ஒரு நினைப்பு ஓடியது. காலையில் பிடித்தது போல இறுக்கிப் பிடித்தால் போதும். சுற்றாது. யாருக்கும் தெரியாது. முஷ்டி தானாக இறுகியது.

அவள் கம்பியை விட்டுவிட்டாள்.

"நான் புடிச்சா சரி வராது சார். கைய விரிச்சு, உள்ளங்கைய மட்டும் மேல வச்சு நீங்களே தள்ளுங்க. அப்பத்தான் அதும்பாட்டுக்குச் சுத்தும்."

பிராங்க்ளின் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்தார். கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு அழுத்தினார். தோல் கிறீச்சிட்டு உள்ளே போனது. போன வேகத்தில் புள்ளி இடப்பக்கம் ஒரு நெல்லளவு நகர்ந்தது. அத்தாவின் உதடுகள் ஓசையில்லாமல் ஓதத் தொடங்கின. ஊசித்துளையில் காற்று சீறியது. ஒரு சாண். ஒரு முழம். புள்ளி அந்த நெல்லளவிலேயே நின்றது. கம்பி அடியில் போய் முட்டியது.

"இன்னொருக்கா" என்றார் பிராங்க்ளின்.

கம்பியை உருவிப் புள்ளியைச் சரிசெய்து மறுபடி தள்ளினார். இந்த முறை நெல்லளவும் இல்லை.

"தோலு முத தடவ பள்ளத்துல உக்காந்திருக்கு, அதான் லேசா அசைஞ்சிருக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து மெதுவாக எழுதினார்: குழலுள் எட்டு நேர்ப்பள்ளம், சுழற்சி இல்லை. "இன்ஸ்பெக்டர் பன்னெண்டு மணிக்கு வருவாரு பாய். அவருக்கும் ஒருக்கா காட்டணும். அவரு ஒத்துக்கிட்டாத்தான் கையெழுத்து."

பன்னிரண்டரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து, தானே இருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் ஆட்டோவில் தோல் வட்டம் இஃப்பத்தின் உள்ளங்கையில் இருந்தது. அதன் விளிம்பில் எட்டுப் பற்கள் பதிந்திருந்தன.

"காலையிலயே தெரியுமா?"

"கோடு இருக்குறது தெரியும். சுத்துமா சுத்தாதான்னு தெரியாது அத்தா."

"தெரியாமத்தான் கம்பிய ஆர்மரர் கையில குடுத்தியா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேகம்பூர் வளைவில், "அடுத்த தடவ கழுவுறப்ப எதாச்சும் தெரிஞ்சா மொதல்ல எங்கிட்டச் சொல்லு" என்றார். "பொறவு மிச்சத்தக் கழுவு."