இழுப்பை வாங்கிக்கொண்ட நாய்

என் புருஷன் அமாதோவின் ஆஸ்துமாவை ஒரு நாய் வாங்கிக்கொண்டதாக எங்கள் தெருவே நம்பியது, என்னைத் தவிர. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹோர்தான் படகுத்துறையில் அமாதோ டிரைசைக்கிள், அதாவது பைக்கோடு பக்கவண்டி சேர்த்த வாடகை வண்டி, ஓட்டுகிறான். படகில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலும் புழுதியிலும் போய்வருகிற பிழைப்பு. சுகாதார நிலையத்து டாக்டரம்மா அவனுக்கு இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார். ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை உடம்பு நன்றாக இருந்தாலும் காலையும் மாலையும் இழுக்க வேண்டும், இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். நீல நிறத்தில் இருப்பது மூச்சு முட்டும்போது மட்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா வேண்டும்? ஆனாலும் ஆரஞ்சைக் கண்டாலே அவன் முகம் சுருங்கும். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மருந்து என்பான். நான் பக்கத்திலேயே நின்று, கெஞ்சி, கத்தி, சோறு போடமாட்டேன் என்று மிரட்டி, இரண்டு மாதம் இழுக்க வைத்தேன். இரவு இருமல் நின்றது. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றது.

சரியாக அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் பாசிங், நாங்கள் மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவர், கையில் கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் ஒரு சிவாவா நாய்க்குட்டி, காதுதான் பாதி உடம்பு. ஆஸ்துமாக்காரனோடு சிவாவா படுத்தால் நோய் நாய்க்குப் போய்விடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. மெத்தப் படித்தவர்கள்கூட வாங்கி வளர்க்கிறார்கள்.

"கூடவே படுக்க வை, லுமென். ஒரே மாசத்துல இழுப்பு அதுக்குப் போயிரும்" என்றார் மனாங்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு, மனாங்?"

"அதுக்குன்னே பொறந்த சாதி. உனக்கென்ன நஷ்டம்?"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். நாய் முடி இழுப்பைக் கிளப்பினாலும் கிளப்பும் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. சிக்கோ என்று பேர் வைத்து, என் தலையணையில் படுக்கவைத்தார்கள். நான் கீழே பாய்க்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் அந்தக் குட்டி கொக்கு கொக்கென்று இரும ஆரம்பித்தது பாருங்கள், வீட்டில் திருவிழா. மனாங் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். இந்தச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மெலிசு, கழுத்துப்பட்டையை இழுத்தால் இருமத்தான் செய்யும் என்று கால்நடை டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்து சொன்னேன். எனக்குப் பொறாமை என்றார்கள். நாயோடு எனக்கென்ன பொறாமை? இரண்டு மாத மருந்து செய்த வேலை, காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக நாயின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அமாதோ ஆரஞ்சு இன்ஹேலரைக் குழந்தை ஏசு சிலைக்குப் பின்னால் வைத்துவிட்டான்.

ஜனவரி வந்தது. மாமரம் பூப்பதற்காக மரத்தடியில் பச்சை இலையைப் போட்டுப் புகை மூட்டுகிற மாதம். பக்கத்து வீட்டு பெலிங்கிடம் எங்கள் ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். அமாதோதான் பெருமையாக, "எனக்குத்தான் சரியாப் போச்சே, நீ போடு" என்று சொல்லியிருக்கிறான்.

அன்று மத்தியானம் ஜன்னல் வழியே புகை நுழைய, சாப்பிட உட்கார்ந்தவன் கருவாட்டைப் பிட்ட கையோடு எழுந்துவிட்டான். தோள் இரண்டும் மேலே தூக்கித் தூக்கி இறங்கின. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்தது. என் பேரைச் சொல்ல முயன்று பாதியில் நிறுத்தினான். ஓடிப்போய் மேசை இழுப்பறையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, அவன் வாயில் வைத்து அழுத்தினேன். வெறும் காற்று. இன்னொரு தடவை அழுத்தினேன், அதுவும் இல்லை. போன மாதம்தான் புதிதாக வாங்கியது.

மனாங் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நாய்க்கு அடிச்சான், லுமென். அது இருமுறப்பல்லாம் மூக்குல அடிச்சுவிடுவான். நமக்காகத்தானே அது கஷ்டப்படுதுன்னு சொல்லுவான்."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அவனை டிரைசைக்கிளின் பக்கவண்டியில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். அதற்குமுன் வாசலைத் தாண்டி நான் அதை ஓட்டியதில்லை. போகிற வழியெல்லாம் அவனையும் நாயையும் மனாங்கையும் மாமரத்தையும் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் அவனுடைய மூச்சுச் சத்தம் கேட்டது, அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

சுகாதார நிலையத்தில் முகமூடி மாட்டி ஆக்சிஜனும் மருந்துப் புகையும் கொடுத்தார்கள். அவன் முகத்தில் நிறம் திரும்பும்வரை டாக்டரம்மா அவன் பக்கத்திலேயே நின்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்தார். நாய் படுக்கையறைக்குள் வரக்கூடாது, புகை போடுகிற நாளில் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது, ஆரஞ்சை ஒருநாளும் விடக்கூடாது, நீலம் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும், அதில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துவைக்க வேண்டும்.

அவர் போனதும் நான் ஆரம்பித்தேன். என்ன ஜென்மம் நீ, என் பேச்சை ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா என்று. அமாதோ முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"பயமா இருந்துச்சு, லுமென்."

"எதுக்குப் பயம்?"

"அப்பா இன்ஹேலரக் கையில வச்சிக்கிட்டேதான் செத்தாரு. அதத் தொட்டவன் பொழைக்கமாட்டான்னு அன்னிக்கே மனசுல விழுந்துருச்சு. அவருக்கு அப்ப நாப்பத்தாறு. எனக்கு இந்த வருஷம் நாப்பத்தாறு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கப்பா அந்த மருந்தை எத்தனை வருஷம் எடுத்தார் என்று கேட்டேன்.

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான்.

"வருஷமா? அவரு எங்க எடுத்தாரு. வேணாம் வேணாம்னே இருந்தாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் கையில எடுத்தாரு..."

விலக்கியிருந்த முகமூடியைத் தானே இழுத்து மூக்கின்மேல் சரியாக வைத்துக்கொண்டான்.