அடக்கம் ஆன பிறகு

இரவல் வாங்கிய நாற்காலிகளை அவள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. "செத்த நேரம் உக்காரேன்டி" என்று நாத்தனார் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்தால் பத்துப் பேர் சுற்றிக்கொண்டு தேற்ற வருவார்கள். அதற்கு நாற்காலி அடுக்குவதே மேல்.

அடுக்கி முடித்து அடுக்களைக்குள் போனவளின் பின்னாலேயே எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். வாயாடி. துணியை வெட்டும்போதே ஊர்க்கதையையும் சேர்த்து வெட்டுகிறவள், இன்றைக்கு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. என் நாக்குல சூடு வைக்கணும்."

"அதை அப்புறம் வெச்சுக்கலாம். என்னன்னு சொல்லும்மா."

"அந்த மனநல ஆஸ்பத்திரிலேர்ந்து பழைய கம்ப்யூட்டரெல்லாம் வந்துச்சே... அதுல இருந்த டிஸ்க்குக்கெல்லாம் அண்ணன் ஓட்டை போட்டுட்டாரா?"

"உனக்கு எதுக்கு அது?"

தையல்காரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "என் பிள்ளை பொறந்தப்ப அம்மா வீட்ல இருந்தேன்னு சொன்னேன்ல? அங்க இல்லக்கா. அந்த ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். பிள்ளையைப் பாத்தாலே பயமா இருந்துச்சு. என்னென்னவோ தோணுச்சு. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அந்தம்மா அப்படியே டைப் அடிச்சுக்கிட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன். ஆனா மாமியார் வீட்ல தெரிஞ்சா பிள்ளையை எங்கிட்ட விடமாட்டாங்கக்கா."

"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அந்த கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் எறக்குனப்ப ஓடி வந்து அவர்கிட்ட அழுதேன். 'ஓட்டை போடாம ஒண்ணுகூட என் கொட்டகையை விட்டு வெளிய போகாது, போய் நிம்மதியா தை'ன்னாரு."

தன்னிடம் மூச்சுவிடவில்லையே மனுஷன் என்று அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே, அவர்தான் அப்படி இருப்பார் என்று ஒரு பெருமையும் வந்தது.

தெருவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். அலுவலகங்கள் தலைமுழுகிய பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் பிரித்து, செம்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், விஷம் கக்கும் பேட்டரி தனியாக என்று வகைபிரித்து, முறைப்படி உருக்குகிற ஆலைக்கு அனுப்புவது தொழில். வயரை நெருப்பில் போட்டுச் செம்பு எடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புகையைக் குடுத்துட்டு நம்ம பிள்ளைக்குச் சோறு போடறதா?" என்பார். ஹார்டு டிஸ்க் விஷயத்தில் இன்னும் கறார். திரையில் அழித்துவிட்டால் அழிந்துவிட்டது என்று ஊர் நம்பும். உள்ளே எல்லாம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும். "உசுரு போனாலும் இதுக்குப் பேச்சு போகாது, நாமதான் அடக்கணும்" என்று ஒவ்வொன்றையும் டிரில்லிங் மெஷினால் துளைப்பார். அந்த வேலைக்குக் கொட்டகையில் 'அடக்கம்' என்றே பெயர். இன்னிக்கு எத்தனை அடக்கம், அடக்கம் முடிந்ததா, சாப்பிட வரலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்ட பாஷை அது.

நெஞ்சுவலி வந்த அன்றும் ஆஸ்பத்திரி டிஸ்க்குகளைத்தான் துளைத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி மிச்சம் இருந்தது அவளுக்குத் தெரியும்.

"பயப்படாதே. கொட்டகைலதான் பூட்டிக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தாள். கொட்டகை பூட்டித்தான் இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே தரை பளிச்சென்றிருந்தது.

கொழுந்தன் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். வேன் ஓட்டுகிறவன். அண்ணன் என்றால் உயிர். அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தது.

"தம்பி, கூடைல இருந்த டிஸ்க்கெல்லாம் எங்க?"

"ஆலைக்கு அனுப்பிட்டேனே அண்ணி. லாரி காலைலயே வந்து நின்னுச்சு. அடக்கம் முடிஞ்ச கையோட ஏத்தி விட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"அண்ணன் சொன்னதுதான்!" அவன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினான். "நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. என் கையைப் பிடிச்சு, 'தம்பி, அடக்கம் ஆகாம லாரி போகக்கூடாது. அடக்கம் ஆனதும் அனுப்பிடு'ன்னாரு. சாகற நேரத்துலயும் மனுஷனுக்குத் தொழில்தான் நெனப்பு, தன் அடக்கத்தைப் பத்தித் தானே பேசறாரேன்னு நான் அங்கயே அழுதுட்டேன் அண்ணி. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னு, குழி மூடினதும் வேற யாரையும் பாக்காம நேரா இங்கதான் ஓடி வந்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அவனை நாலு சாத்து சாத்தலாமா என்றும் இருந்தது. கூடையின் மேல்வரிசையில் மட்டும் ஓட்டை. அதைப் பார்த்தவன் எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்பான்?

"அட பாவி! அவரு தன் அடக்கத்தைச் சொல்லலடா. டிஸ்க்கைச் சொன்னாரு."

அவனுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, என்னைத் திட்டுங்க அண்ணி."

"திட்டறதுக்கு நாள் கெடக்கு. எந்திரி, வேனை எடு."

லாரிக்காரர் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். ஆலைக்குள் சரக்கு கொட்டிவிட்டால் முடிந்தது கதை. உருக்கும் முன் பொறுக்கும் கைகள் அங்கே ஏராளம். ஓடுகிற டிஸ்க் கிடைத்தால் எவனாவது பையில் போட்டுக்கொண்டு போய் விற்பான், வாங்கியவன் திறந்து பார்ப்பான். அப்புறம் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஒருவழியாக லாரிக்காரர் எடுத்தார். "எடைமேடை வரிசைல நிக்கிறேன்மா. எனக்கு முன்னாடி ரெண்டு மூணு வண்டிதான்."

"வரிசையை விட்டு வெளிய வாங்க."

"வெளிய வந்தா மறுபடி வால்லேர்ந்து நிக்கணும்மா!"

"நில்லுங்க. உங்க கூட நானும் வந்து நிக்கிறேன்."

கொட்டகையைத் திறந்து டிரில்லிங் மெஷினையும் நீள வயரையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நாத்தனார் குறுக்கே நின்றாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தம்பியைப் பொதைச்ச ஈரம் காயல, மெஷினைத் தூக்கிட்டுக் கெளம்பறியே! ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ஒண்ணும் சொல்லாம இருக்கத்தான் அண்ணி போறேன்" என்று அவளைச் சுற்றிக்கொண்டு போய் வேனில் ஏறினாள். தையல்காரி கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டாள்.

லாரி எடைமேடைக்கு அப்பால் ஒதுங்கி நின்றது. லாரிக்காரர் நல்ல மனுஷர், திட்டிக்கொண்டே வெளியே வந்திருந்தார். ஆனால் ஆலையின் மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுக்குள்ள வந்த சரக்கு வெளிய போகாதும்மா. எப்படியும் நாங்க உருக்கத்தானே போறோம்?"

"தாராளமா உருக்குங்க. நான் வெளிய எடுத்துட்டுப் போக வரல. இங்கயே ஓட்டை போட்டுக் குடுத்துட்டுப் போறேன். பிளக் எங்க இருக்கு?"

"இங்க அதுக்கெல்லாம் வழக்கம் இல்ல..."

"பெட்டிக்காரர் என்னிக்காவது ஓட்டை போடாத டிஸ்க்கை இந்த கேட்டுக்குள்ள அனுப்பியிருக்காரா?"

மேற்பார்வையாளர் யோசித்தார். "இல்ல."

"அவரு போனதும் அனுப்பினாங்கன்னு ஆகக்கூடாது. ஆகவும் ஆகாது. பிளக்கைக் காட்டுங்க."

அவளுடைய புடவையில் முழங்கால் பக்கம் மயானத்து மண் அப்படியே ஒட்டியிருந்ததை அவர் பார்த்தார். எடைமேடை அறைக்குள் போய் வயரைத் தானே செருகிவிட்டு வந்தார்.

லாரியின் பின்பலகையை இறக்கி அதையே மேஜையாக்கினாள். கொழுந்தன் இடுக்கியால் பிடித்துக்கொள்ள, அவள் துளைத்தாள். நட்டநடு அச்சில் வைத்தால் முனை வழுக்கும், பலனும் இல்லை. கொஞ்சம் தள்ளி, உள்ளே தட்டு சுழலும் இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். கிர்ரென்று ஏறும், கடைசியில் ஒரு தளர்வு தெரியும், அதுதான் அடையாளம். எடுத்துப் போடு, அடுத்ததை வை. தையல்காரி ஓட்டை விழுந்ததை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அதனால் ஒன்று விடாமல் பார்த்தாள்.

மெஷின் சூடேறியபோது ஈரத்துணி சுற்றி ஆறவிட்டார்கள். "நான் கொஞ்ச நேரம் போடறேன் அண்ணி, நீங்க உக்காருங்க" என்றான் கொழுந்தன். "உக்கார நேரமில்ல. நீ ஒழுங்காப் பிடி" என்றாள். லாரிக்காரர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வரிசையில் நின்ற மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டு உள்ளே போயின. அவள் நிமிரவே இல்லை.

கடைசி டிஸ்க்கும் தீர்ந்தது. மெஷினை நிறுத்தியதும் அந்த இடமே வெறிச்சென்று ஆனது. அடுத்தது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அக்கா, கைல ரத்தம்."

பார்த்தாள். உள்ளங்கையில் இரும்புச் சிலாம்பு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. தையல்காரி அவளைப் பின்பலகையில் உட்காரவைத்து, கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ரவிக்கை ஓரத்தில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள்.

"வலிக்கும்க்கா."

"பரவால்ல. எடு."

ஊசி முனை தோலைக் கிளறியது. ஒரே நெம்பில் சிலாம்பு வெளியே வந்து விழுந்தது. அவ்வளவுதான், அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. கண்ணீர் தாரைதாரையாகப் புடவையில் சொட்டியது. கொழுந்தனும் லாரிக்காரரும் என்னவோ ஏதோ என்று கிட்டே வந்தார்கள்.

"இன்னும் இருக்கு, ரொம்ப உள்ள போயிருக்கு. செத்த பொறுத்துக்குங்கக்கா" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தையல்காரி ஊசியை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அந்த வெறும் உள்ளங்கையில் தேடிக்கொண்டே இருந்தாள்.